இலவச ஜப்பான் வகுப்பு

சே சே, அந்தச் சொல்ல எங்கயும் சொல்லிப் போடாதீங்க தம்பி. கிசமா எண்டு ஒரு ஜப்பான்காரன்ட மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க எண்டா அந்தாள் சண்டைக்கு வரமாட்டான், ஆனா வேலையும் தரமாட்டான். அனிமே எண்டுற ஜப்பான் கார்ட்டூனில வாள் தூக்கினவன் எதிரியப் பாத்துச் சொல்ற சொல்லு அது. ஒமாஏயும் அப்பிடித்தான். முன்னப் பின்னத் தெரியாத மனுசனப் போய் டேய் எண்டு கூப்பிடுற மாதிரி. நீங்க வாசலுக்க கால் வெச்ச உடன ரெண்டையும் ஒரே மூச்சில விட்டுட்டீங்க. கோவமா? எனக்குச் சிரிப்புத்தான் வந்த. இரிங்க, அந்தக் கதிரையில இரிங்க. மத்தக் கதிரைக்குக் கால் ஆட்டம்.

சென்சே, டீச்சர் எண்டெல்லாம் வேணா. கிருஷாந்தினி அக்கா எண்டு சொல்லுங்க, அக்கா எண்டாலே காணும். சென்சே எண்டு கூப்பிட நான் என்ன கெம்பஸில படிச்சிட்டா வந்தநான்? எல்லாம் என்ட தம்பிக்கிட்டப் படிச்சதுதான். தனுசன் எண்டு பேர். அவனும் உங்களப் போலதான், ஒரு வகுப்புக்கும் போகல்ல, ஃபோனுக்குள்ளயே கிடந்து படிச்சவன்.

காசா? ஃபேஸ்புக் பேஜில போட்டிரிக்குத்தானே, இலவசம் எண்டு. ஓம், மெய்தான். ஒண்டும் வேணா. ஏன் எண்டா... அத மறுகா சொல்றன். முதல்ல நாலு சொல்லுப் படிப்பம். ஏறாவூரில இருந்து பஸ் ஏறி நாவற்குடாக்கு வந்திரிக்கிங்க, இந்த வெயிலுக்க.

எழுதத் தேவல்ல. வாயால சொல்லுங்க. காலையில ஒஹாயோ, அது உங்களுக்குத் தெரியும். பெரிய ஆக்களுக்கு எண்டா ஒஹாயோ கொசாய்மஸ். நன்றிக்குச் சொல்ற அரிகாதோவுக்கும் பின்னால அந்தக் கொசாய்மஸ்ஸ ஒட்டோணும். அனிமேல வாற பள்ளிக்கூடப் பொடியனுகள் ஒட்டமாட்டானுகள், அவனுகள் ஆளுக்காள் கூட்டாளி. நீங்க வேலைக்கெண்டு போற ஆள், ஒட்டித்தான் ஆகோணும். மறுகா சுமிமாசென். இது ஒண்டப் பாடமாக்கினாலே பாதி சமாளிச்சிரலாம். பஸ்ஸில ஆள இடிச்சாலும் சுமிமாசென், கடையில ஆளக் கூப்பிட்டாலும் சுமிமாசென், ஆராச்சும் உதவி செஞ்சாலும் சுமிமாசென். சொல்லேக்க தலையக் குனிங்க. அவ்வளவு வேணா, காசு விழுந்து தேடுற மாதிரி இரிக்கு. கொஞ்சமாக் குனிஞ்சாக் காணும். ஆ, அதுதான்.

நல்லா வருது உங்களுக்கு. தனுசனுக்கு இவ்வளவு கெதியா வரல்ல. அவன் எல்லாச் சொல்லையும் கத்தித்தான் சொல்லுவான், அனிமேல கத்துறானுகள் எண்டு. எங்கட வளவுக்குப் பின்னால ஆறு, பாத்தீங்களா, அந்தக் கரையிலதான் நெட் வடிவா இழுக்கும். அதுல குந்திக் கொண்டு பாப்பான். தோணியில போறாக்கள் கேப்பாங்க, என்னடா தனுசன் மந்திரம் சொல்றாய் எண்டு. கன்பத்தே எண்டு திருப்பிக் கத்துவான் அவங்களுக்கு. விடாமச் செய்யுங்க எண்டு. மீன் படாத நாளையில அந்த மனுசனுகள் என்ன நினைச்சிரிப்பாங்களோ.

வீட்டுக்க வரேக்க ததைமா எண்டு கத்துவான். வந்திட்டன் எண்டு அர்த்தம். வீட்டில இரிக்கிறாக்கள் அதுக்கு ஒகயேரி எண்டு சொல்லோணும், வா வா எண்டு. நான் சொல்லமாட்டன், எனக்கு வெக்கம். அம்மா சொல்லுவா. கையெல்லாம் மீன் செதிலோட குசினிக்க இருந்து ஒகயேரி எண்டு கத்துவா. பக்கத்து வீட்டாக்கள் எங்களுக்கு விசர் எண்டுதான் நினைச்சிரிப்பாங்க. நாங்க சந்தோசமா இரிந்தம் தம்பி. அது சந்தோசம் எண்டு அப்ப விளங்கல்ல.

ஓம், அதுதான் அம்மா. தாளிக்கிற சத்தம். உங்களுக்குத்தான் சமைக்கிறா. முஸ்லிம் பொடியன் ஒண்டு வாறான் எண்டு சொன்ன உடன, கோழி எண்டா அறுக்கிற முறை இரிக்கு, மீன் எண்டா ஒரு பிரச்சினையும் இல்ல எண்டு சொல்லி, விடியவே கல்லடிக்குப் போய் இறாலும் மணலை மீனும் வாங்கி வந்தா. எங்கட சட்டியில சமைச்சா அந்தப் புள்ள சாப்பிடுமோ தெரியா எண்டு புதுச் சட்டி. சாப்பிடுற கோப்பையும் புதுசு. ஐயோ, உங்களக் கரைச்சல் எண்டு ஆர் சொன்ன? அவட மனசு அப்பிடி. சாப்பிட முதல் இதாதகிமாஸ், உங்களுக்குத் தெரியுமே. கைய இப்பிடிச் சேத்து வெச்சிக் கொண்டு. முடிஞ்ச உடன கோச்சிசோசமா. சமைச்ச ஆளுக்குச் சொல்ற நன்றி.

உங்கட வீட்டில ஆரார் இரிக்காங்க? உம்மா குவைத்தில எண்டு எழுதினீங்க. வாப்பா... அடடா. சின்னதிலயேயா? அப்ப உங்கள ஆர் பாக்கிற? மாமி வீடு பக்கத்திலயா. சரி. கேக்கிறதுக்குக் குறை நினைக்க வேணா, வாற எல்லாரிட்டயும் கேக்கோணும் இது. எப்ப போனாலும், ஒரு மாசம் ரெண்டு மாசம் ஃபோன் எடுக்காட்டித் தேடி வாற ஆக்கள் ஆரும் இரிக்காங்களா எண்டு. சும்மாதான்.

தங்கச்சியா? நீங்க மெசேஜில அதச் சொல்லல்லயே. இல்ல, நான் கேட்டநான். வீட்டில ஆர் எண்டு கேட்டதுக்கு உம்மா குவைத்தில எண்டு மட்டும்தான் போட்டிரிந்தீங்க. என்ன பேர்? இன்ஷிரா. என்ன படிக்கிறா? இந்த வருசம் ஓ எல் சோதினையா. ம்.

வீடு கட்டவா போறீங்க. இன்ஷிராக்கு.

ஒண்டுமில்ல, தண்ணி குடிக்கிறன். இந்தக் கதையில உங்கட பக்கமும் எங்கட பக்கமும் ஒண்டுதானே. வீடு பொம்பிளப் புள்ளைக்கு. வீடு இல்லாட்டி மாப்பிள வரமாட்டான். உம்மாக்காரி குவைத்துக்குப் போறதும் அதுக்குத்தான், நானாக்காரன், எங்கட பேச்சில அண்ணன்காரன், ஜப்பானுக்குப் போறதும் அதுக்குத்தான். ஆம்பிளப் புள்ளைக்கு ஒரு சுவரும் இல்ல. அவன் கட்டி வெச்சிட்டு வேற ஒருத்திட வீட்டுக்குப் போய் இரிக்கோணும்.

தம்பி, அந்தப் பாஸ்போட்ட மேசையில வைக்க வேணா. பேக்குக்குள்ள வைங்க. ஓம், பேஜில கொண்டு வரச் சொல்லித்தான் போட்டிரிக்கு. இப்ப நான் சொல்றன், உள்ளுக்க வைங்க. சிப்ப இழுத்து மூடுங்க.

இந்தச் சுவரப் பாருங்க. பூசல்ல, கல்லு தெரியுது. அங்கால ரெண்டு அறைக்குக் கூரையும் இல்ல. இது எனக்கெண்டு எழுதின வீடு. அப்பா அத்திவாரம் போட்டு இவ்வளவு எழுப்பினார், மறுகா நெஞ்சு நோவு வந்து போய்ச் சேந்திட்டார். மிச்சம் என்ட வேலை எண்டு தனுசன் தலையில தூக்கி வெச்சிக் கொண்டான். அக்கா கல்யாணம் கட்டாம நான் கட்டுறல்ல எண்டான். நான் கேட்டநானா? கேக்கல்ல. வேணா எண்டும் சொல்லல்ல. ஆர்தான் சொல்லுவா? இன்ஷிரா சொன்னாவா உங்களிட்ட?

தனுசன் எங்கயா? ஆக்கள் கேட்டா ஜப்பான் எண்டுதான் சொல்றது. அம்மாவும் அப்பிடித்தான் சொல்றா. கோயிலடியில கேட்டா, குளிராம், சாப்பாடு ஒத்துக்கொள்ளல்லயாம் எண்டெல்லாம் சேத்துச் சொல்லுவா. எனக்கே சில நேரம் மெய் போல இரிக்கும்.

அவன்ட கூட்டாளி ஒருத்தன் இரிந்தான், டிலுக்சன் எண்டு. அனிமே பாக்கிற செட். அவன் முந்திப் போனவன். ஒரு நாள் தனுசனுக்கு ஃபோன் எடுத்தான், மச்சான் வா, ஜப்பான் கம்பனி, சாமான் பெட்டியில அடுக்கிற வேலை, நீ கதைக்கிற இந்த ஜப்பானே காணும், சோதினை ஒண்டும் இல்ல, தாய்லாந்தில ஒரு இன்டர்வியூ, அங்க இருந்து நேர ஜப்பான் எண்டு. தனுசன் கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஹஜிமெமாஷ்தே, ஹஜிமெமாஷ்தே எண்டு பழகினான். முதல் தரம் ஆளச் சந்திக்கேக்க சொல்ற சொல்லு. போய் இறங்கின இடத்தில அதச் சொல்லித்தான் குனிஞ்சிரிக்கான். வேனில ஏத்தி, ஒரு ஆத்தத் தாண்டி, தாய்லாந்து எல்லைக்கு அங்கால கொண்டு போய்ட்டானுகள்.

ஓம், அதுதான். நியூசில வந்ததுதான். நீங்களும் பாத்திரிப்பீங்க, பாத்திட்டுத் தட்டி விட்டிரிப்பீங்க. நானும் அப்பிடித்தான். சுத்திவரக் கம்பி வேலி, வாசலில துவக்கோட ஆக்கள். உள்ளுக்க வரிசையாக் கொம்பியூட்டர். வெளிநாட்டுல தனிய இரிக்கிற ஆக்களுக்கு அன்பாக் கதைச்சு, அவங்கட காசப் பறிக்கோணும். பறிக்காட்டி அடி. கரண்டும் வைப்பானுகளாம்.

எழும்ப வேணா. இரிங்க. முழுக்கக் கேட்டுட்டுப் போங்க, இன்னும் நேரம் இரிக்கு.

தனுசன் ஃபோன் எடுக்கேக்க பக்கத்தில ஆள் நிக்கும். எங்கட நாட்டாக்கள்தான், தமிழும் விளங்கும் சிங்களமும் விளங்கும். ஜப்பான் சொல்லு அவனுகளுக்குத் தெரியா. விசர்ப் பொடியன், கார்ட்டூன் பாத்துக் கெட்டுப் போனவன் எண்டு விட்டுருவானுகள். அதுதான் எங்களுக்கு இரிக்கிற ஒரே வழி. தமிழில, நல்லா இரிக்கன் அக்கா, சம்பளம் நல்லம் எண்டுவான். நடுவுல தாய்ஜோபு, பிரச்சினை இல்ல, எண்டா இந்தக் கிழமை அடிக்கல்ல. இதாதகிமாஸ் எண்டா சோறு கிடைச்சிரிக்கு. இதாய் எண்டா நோகுது. அனிமேல சும்மா தலையில ஒரு தட்டுத் தட்டினாக் கத்துவானுகளே, இதாய் எண்டு, அதே சொல்லுத்தான். அவன் கத்தமாட்டான். சிரிச்ச மாதிரிச் சொல்லுவான். உங்களுக்குச் சொல்லித் தந்தனே, ஒவ்வொரு சொல்லா, நீங்க சொல்லேக்க அவன்ட குரல்தான் எனக்குக் கேக்குது.

சொல்லாத இடமா? பொலிசுக்குப் போனம். கொழும்புக்கும் போனம், அம்மா பஸ்ஸில சத்தி எடுத்துக் கொண்டு வந்தா. கேட்டாங்க, எழுதினாங்க, அங்க சண்டை நடக்கிற இடம், அரசாங்கத்தாலயும் உள்ளுக்க போக ஏலாது, பாப்பம் எண்டாங்க. மரியாதையாத்தான் கதைச்சாங்க. நான் ஆரையும் பிழை சொல்லல்ல. ஷோ கா நாய் எண்டு ஒரு சொல்லு இரிக்கு, கேள்விப்பட்டிரிப்பீங்க. செய்யிறதுக்கு ஒண்டும் இல்ல எண்டு. இந்தச் சொல்ல மட்டும் நான் அம்மாக்குச் சொல்லிக் குடுக்கல்ல.

டிலுக்சனா? அவன் வந்திட்டான். ஊரிலதான் இரிக்கான். எப்பிடி வந்தான் எண்டு கேளுங்க. அங்க ஒரு கணக்கு இரிக்கு தம்பி, ஒரு ஆளக் கொண்டு வந்தா ஒரு ஆள விடுவானுகள். அவனுக்குப் பதிலாத்தான் தனுசன். கல்லடிப் பாலத்தடியில கண்டநான் ஒரு நாள். என்னக் கண்ட உடன சைக்கிளத் திருப்பிட்டுப் போயிட்டான். நல்லா மெலிஞ்சு போயிட்டான். கூப்பிட்டு ஏசுவம் எண்டு வாய் வரைக்கும் வந்த, மறுகா அவன்ட அம்மாவ நினைச்சன். அவ அவனுக்கு முன்னால சோத்த வெச்சிட்டு அவன் சாப்பிடுறதப் பாத்துக் கொண்டு இரிப்பா. எனக்குப் பொறாமையா இரிந்த தம்பி. கோவம் இல்ல, பொறாமை.

இப்ப விளங்குதா, ஏன் காசு வேணா எண்டு?

அந்தப் பேஜ் நான் திறந்ததுதான். அனிமே பாக்கிறாக்களுக்கு இலவச ஜப்பான் வகுப்பு எண்டு எழுதினது நான் இல்ல, அவனுகள் எழுதி அனுப்பின. படமும் அவனுகள் அனுப்பினதுதான். இப்பிடிப் பொடியனுகளுக்குத்தான் ஜப்பான் எண்டாக் கண் மறைக்கும், கேள்வி கேக்க மாட்டானுகள் எண்டு அவனுகளுக்குத் தெரியும். எங்கட வீட்டுக்க அப்பிடித்தானே வந்தானுகள். பகல் சாப்பாட்டு நேரம் ஒராள் வருவார், கம்பனி ஆள் எண்டு. நல்ல சேட்டுப் போட்டிரிப்பார், நல்ல கதை. உங்களுக்கு முன்னால அம்மாட சமையலப் புகழுவார். போகேக்க உங்கட பாஸ்போட்டக் கொண்டு போவார்.

அம்மாக்கா? தெரியும். தெரிஞ்சுதான் சமைக்கிறா. நீங்க வந்தே இவ்வளவு நேரம், ஒரு தரம் எட்டிப் பாத்தாவா? பாத்தா அவக்கு ஏலாது. உங்கட உம்மா குவைத்தில அடுப்படியில நிக்கிறது போலதான் அவவும் நிக்கிறா. அவவக் குறை நினைக்க வேணா எண்டு நான் சொல்லமாட்டன். நினைங்க. ஆனா அவட புள்ளைக்கு அங்க நோகுது.

தனுசன் என்ன சொன்னான் எண்டா... முதல் தரம், அவனுகள் சொல்லிக் குடுத்தத அப்பிடியே சொன்னான். அக்கா, ஆராச்சும் ஒரு பொடியனப் பாருங்க, இஞ்ச ஆள் எடுக்காங்க எண்டு. சொல்லி முடிய, தமே, தமே எண்டான். வேணா, செய்யக் கூடா எண்டு அர்த்தம். பக்கத்தில நிக்கிறவனுக்கு விளங்கக் கூடா எண்டு பாட்டுப் போல இழுத்துச் சொன்னான். என்னடி சொல்றான் எண்டு அம்மா கேட்டா. சந்தோசமா இரிங்க எண்டு சொல்றான் எண்டுட்டன். மறுகா எடுத்த நேரமெல்லாம் அதச் சொன்னான். ஆளப் பாருங்க அக்கா, தமே. ஆள் கிடைச்சிதா அக்கா, தமே. அவனுகள் அடிச்சுக் கால் உடைஞ்சு கிடக்கேக்கயும் சொன்னான்.

போன கிழமையும் எடுத்தான். ஆள் கிடைச்சிதா எண்டான். ஏறாவூரில இருந்து ஒரு பொடியன் வாறான் எண்டு சொன்னன். அந்தச் சொல்லு வரும் வரும் எண்டு ஃபோனக் காதுல அழுத்திக் கொண்டு நிண்டநான். அவன் மூச்சு விடுற சத்தம் கேக்குது. சொல்லல்ல தம்பி. கெதியாப் பாருங்க அக்கா எண்டுட்டு வெச்சிட்டான்.

சரி, எழும்புங்க இப்ப. முன்வாசலால வேணா. பின்னால ஆத்தோரத்தால போனா ஒரு மதில் வரும், அதால திரும்பினா மெயின் ரோட்டு. ஏறாவூர் பஸ் வரும். சாப்பிட வேணா. அவ கோப்பையக் கொண்டு வந்து வெச்சு, நீங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டீங்க எண்டா எனக்கு உங்கள அனுப்ப மனம் வராது. அவவ எனக்குத் தெரியும், என்னையும் எனக்குத் தெரியும்.

பொலிசுக்குச் சொல்றதெண்டாச் சொல்லுங்க, நான் தடுக்கல்ல. என்னப் பிடிப்பாங்க, பேஜ மூடுவாங்க. அவனுகள் வேற ஊரில வேற பேஜ் திறப்பானுகள். தனுசன் அங்கதான் கிடப்பான். நான் என்ன சொல்லுவனா? பொடியனுக்குப் புடிக்கல்லயாம், போயிட்டான் எண்டு அம்மாக்குச் சொல்லுவன். அவ சட்டியக் கழுவி வெப்பா. தனுசனுக்குத்தான் என்ன சொல்ற எண்டு தெரியா.

ஐயோ, எனக்குப் போய்க் குனிய வேணா தம்பி. அரிகாதோவும் வேணா, கொசாய்மஸ்ஸும் வேணா. நான் நல்லவள் இல்ல. நீங்க தங்கச்சிட வீட்டப் பத்திச் சொல்லாம இரிந்தா இந்நேரம் உங்களுக்கு நான்தான் சோறு போட்டிரிப்பன்.

போங்க, கெதியாப் போங்க. நாளைக்கு வாகரையில இருந்து ஒரு பொடியன் வாறான். கேட்டுட்டன் அவனிட்ட. தனியப் புறந்தவனாம், தங்கச்சி ஒண்டும் இல்லயாம்.